ஆஃப் பண்ணி ஆன் பண்ணிய வரலாறு

உலக வரலாறு என்று தடித்தடியாகப் புத்தகங்கள் இருக்கின்றன. எந்த ராஜா எந்த ஆற்றைக் கடந்தான், எந்த ராணி யாருக்கு விஷம் வைத்தாள் என்றெல்லாம் தேதியோடு சொல்லும். நேற்று ராத்திரி வரை ஒழுங்காக ஓடிய சிஸ்டம், அப்டேட் முடிந்தது என்று சொல்லிவிட்டுப் படுத்தது, காலையில் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறதே, அந்த வரலாற்றை மட்டும் எந்தப் பேராசிரியரும் தொடுவதில்லை. ராஜாக்களால் கெட்ட குடும்பங்களைவிட ரீஸ்டார்ட்டால் கெட்ட குடும்பங்கள் அதிகம் என்பது என் கட்சி. ஆகவே, அதற்கான பட்டம் எதுவும் கையில் இல்லாமல் நானே எழுதிவிடுகிறேன்.

கதை 1975-ல் தொடங்குகிறது. அந்த ஜனவரியில் ‘பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்’ என்ற அமெரிக்கப் பத்திரிகையின் அட்டையில் ஆல்டேர் 8800 என்று ஒரு பெட்டி வந்தது. நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கி ஊரில் எட் ராபர்ட்ஸ் நடத்திவந்த மிட்ஸ் கம்பெனியின் சரக்கு. கீபோர்டு கிடையாது, மானிட்டர் கிடையாது. முகப்பில் வரிசையாகச் சின்னச் சின்ன சுவிட்சுகள், மேலே சிவப்பு விளக்குகள். பவர் போட்டால் விளக்கு எரியும், அவ்வளவுதான். தான் யார், எதற்காகப் பிறந்தோம், முதல் வேலையாக எதைப் படிக்க வேண்டும், ஒன்றும் அதற்குத் தெரியாது. வாங்கியவர்தான் சொல்லித்தர வேண்டும். எப்படி? எட்டு சுவிட்சுகளை மேலும் கீழுமாக வைத்தால் ஒரு பைட். வைத்ததும் ‘டெபாசிட்’ சுவிட்சை ஒரு தட்டு. மறுபடி எட்டு, மறுபடி ஒரு தட்டு. இப்படியே ஒரு குட்டி லோடர் நிரலை விரலாலேயே உள்ளே ஊட்ட வேண்டும். நடுவில் ஒரு சுவிட்ச் பிசகினால் பெட்டி கம்மென்று நிற்கும். எங்கே பிசகு என்று வாய் திறக்காது. ஊட்டி முடித்த நேரத்தில் கரண்ட் போனால் ஊட்டியதெல்லாம் போச்சு. கும்பகர்ணனை எழுப்பவாவது முரசும் சங்கும் யானையுமாக ஒரு பட்டாளமே போயிற்று. இங்கே ஒற்றை ஆள், பத்து விரல்.

இந்தப் பெட்டிக்கு பேசிக் மொழி எழுதித் தருகிறோம் என்று இரண்டு பையன்கள் எட் ராபர்ட்ஸிடம் சொல்லியிருந்தார்கள். பெயர் பில் கேட்ஸ், பால் ஆலன். இருவரும் ஆல்டேரைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஹார்வர்டில் இருந்த பெரிய கம்ப்யூட்டரை ஆல்டேராக நடிக்கவைத்து, அதில் எழுதி, காகித நாடாவில் துளைபோட்டு எடுத்துக்கொண்டு ஆலன் விமானம் ஏறினார். ஆல்புகர்க்கியில் இறங்கப்போகும் நேரத்தில்தான் அவருக்கு உறைத்தது: நாடாவில் இருப்பதை உள்ளே இழுக்க லோடர் வேண்டுமே, அதை யாருமே எழுதவில்லையே! சீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு தாளில் எழுதி முடித்தார். மறுநாள் அதை சுவிட்சில் தட்டி உள்ளே விட்டதும், டெலிடைப் உயிர்வந்து மெமரி எவ்வளவு என்று கேட்டது. இரண்டும் இரண்டும் எவ்வளவு என்று ஆலன் திருப்பிக் கேட்டார். நான்கு என்றது. அறையில் இருந்தவர்களுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அதிகம் ஆச்சரியப்பட்டவர் ஆலன்தான் என்பது என் சந்தேகம். கவனிக்க வேண்டியது இன்னொன்று: மைக்ரோசாஃப்ட் என்ற கம்பெனி பிறக்கும் முன்பே அதன் ஸ்டார்ட்-அப் பிரச்சினை பிறந்துவிட்டது.

1981-ல் ஐபிஎம் தன் பிசியைக் கொண்டுவந்தது. சுவிட்ச் தட்டும் அடிமை வாழ்வு ஒழிந்தது. பயாஸ் என்ற நிரல் சிப்பிலேயே உட்கார்ந்துகொண்டு, பவர் வந்ததும் மெமரியை எண்ணி, கீபோர்டைத் தொட்டுப் பார்த்து, ஒரு ‘பீப்’ விட்டு, பிறகு பிளாப்பியைத் தேடும். கீபோர்டைக் காணவில்லை என்றால், கீபோர்டில் எஃப்1 அழுத்தவும் என்று கேட்ட பயாஸ்களும் பின்னால் வந்தன. இல்லாத கீபோர்டில் எஃப்1 எங்கே இருக்கும் என்று கேட்பவர்களுக்குத் தத்துவ ஞானம் போதாது.

அந்தப் பிசியை உருவாக்கிய குழுவில் டேவிட் பிராட்லி என்று ஒரு பொறியாளர். சோதனை செய்யும்போது மெஷின் அடிக்கடி உறைந்துபோகும். ஒவ்வொரு முறையும் அணைத்துப் போட்டால் மெமரி எண்ணும் சடங்கு முதலிலிருந்து நடக்கும். அலுத்துப்போன பிராட்லி, கன்ட்ரோல்-ஆல்ட்-டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மறுபடி பூட் ஆகும்படி எழுதிவைத்தார். முதலில் டெலிட்டுக்குப் பதில் எஸ்கேப்தான் இருந்தது. அது இடதுகைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது, தவறிக் கை பட்டால் வேலை போய்விடும் என்று கீபோர்டின் அந்தக் கோடிக்கு மாற்றினார்கள். ஆக, யாரும் சுலபமாக அழுத்திவிடக் கூடாது என்பதற்காகவே வடிவமைக்கப்பட்ட சேர்க்கை அது. பொறியாளர்களுக்கு மட்டும் என்று வைத்தது, ஆவணத்தில் ஏறி, ஊர் உலகத்துக்கெல்லாம் போய்விட்டது. இருபது வருடம் கழித்து ஐபிஎம் பிசிக்கு விழா எடுத்தபோது, பில் கேட்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பிராட்லி சொன்னார்: கண்டுபிடித்தது வேண்டுமானால் நானாக இருக்கலாம், அதைப் பிரபலமாக்கியவர் பில்தான். அரங்கம் சிரித்தது. கேட்ஸ் அவ்வளவாகச் சிரிக்கவில்லை.

விண்டோஸ் 3.1-ல் அந்த மூன்றையும் அழுத்தினால் நீலத்தில் ஒரு அறிவிப்பு வருமே, அதன் வாசகத்தை எழுதியவர் ஸ்டீவ் பால்மர். பின்னாளில் மைக்ரோசாஃப்டின் தலைவரானார். இலக்கியவாதிகளுக்கு நம் நாட்டில் இந்த அளவு பதவி உயர்வு கிடையாது.

டாஸ் காலத்தை அறிந்தவர்கள் இப்போது ஐம்பதைத் தொட்டிருப்பார்கள். அவர்களிடம் கான்ஃபிக்.சிஸ், ஆட்டோஎக்ஸெக்.பேட் என்று சொல்லிப் பாருங்கள். முகத்தில் ஒரு பூரிப்பு வரும், பிறகு ஒரு கசப்பு வரும். மெஷின் எழும்போது எதையெதை உள்ளே ஏற்ற வேண்டும் என்ற ஜாதகம் அந்த இரண்டு ஃபைல்களில்தான். உள்ளே மெமரி எத்தனை மெகாபைட் இருந்தாலும், டாஸ் நிரல்களுக்கு முதல் 640 கேபிதான் சொந்த நிலம். மவுஸ் டிரைவர் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், சிடி டிரைவர் கொஞ்சம். கேம் ஓடுவதற்கு மிச்சம் போதாது. உடனே ஹைமெம், ஈஎம்எம்386 என்று ஆட்களைக் கூப்பிட்டு, மவுஸை மேல்மாடிக்கு ஏற்றி, வரிகளை முன்பின் மாற்றி, ரீபூட். போதவில்லை. இன்னொரு வரியை மாற்றி, ரீபூட். கேம் ஆடுவதற்கென்றே தனி பூட் பிளாப்பி வைத்திருந்தவர்கள் உண்டு. கேமைவிட அதைத் தொடங்கவைப்பதுதான் சுவாரசியமான கேம் என்று அவர்களில் பலர் இன்றும் சாதிப்பார்கள்.

அந்த ராஜ்யத்தின் கடைசிக் காலத்தில் ஒரு பிரகசனம் நடந்தது. 1993 மார்ச்சில் எம்எஸ்-டாஸ் 6.0 வந்தது. உள்ளே டபுள்ஸ்பேஸ் என்றொரு வித்தை: டிஸ்க்கில் இருப்பதை அமுக்கி இடத்தை இரட்டிப்பாக்கும். அமுக்கியதில் சிலருடைய ஃபைல்கள் அமுங்கியே போயின. அதே ஆண்டு நவம்பரில் 6.2 வந்தது, டிஸ்க்கைச் சோதிக்க ஸ்கேன்டிஸ்க்கும் கூடுதல் பாதுகாப்பும் சேர்த்திருந்தார்கள். அதற்குள் ஸ்டாக் என்ற கம்பெனி, அமுக்கும் வித்தை எங்களுடைய காப்புரிமை என்று கோர்ட்டுக்குப் போயிருந்தது. 1994 பிப்ரவரியில் ஜூரி 12 கோடி டாலர் தரச் சொன்னது. உடனே 6.21 வந்தது. அதன் சிறப்பம்சம், டபுள்ஸ்பேஸ் இல்லை என்பது! அப்கிரேடு செய்தால் ஒரு வசதி குறையும் என்பதை வெளிப்படையாகச் சொல்லி விற்ற பதிப்பு அதுதான் என்று நினைக்கிறேன். பின்னால் வந்தவையெல்லாம் சொல்லாமல் குறைத்தன. சில மாதத்தில் 6.22. அதில் அதே வித்தை, வேறு முறையில், டிரைவ்ஸ்பேஸ் என்ற பெயரில் திரும்பி வந்தது.

1995 ஆகஸ்ட் 24-ல் விண்டோஸ் 95 பட்டாபிஷேகம். ரோலிங் ஸ்டோன்ஸின் ‘ஸ்டார்ட் மீ அப்’ பாட்டை விளம்பரத்துக்கு வாங்கியிருந்தார்கள். எழுந்திருப்பதே நிச்சயமில்லாத ஒரு சிஸ்டத்துக்கு ‘என்னைக் கிளப்பிவிடு’ என்று ஒரு பாட்டு. இதில் உள்குத்து இருப்பதாக விளம்பரத் துறையில் யாருக்கும் படவில்லை போலிருக்கிறது. சிஸ்டம் எழும்போது கேட்கும் ஓசைக்கு பிரையன் ஈனோ என்ற பெரிய இசைக் கலைஞரைப் பிடித்தார்கள். உற்சாகமாக, உணர்ச்சிகரமாக, எதிர்காலம் தெரிய என்று ஒரு நீளமான அடைமொழிப் பட்டியல் கொடுத்து, எல்லாம் சில நொடிகளுக்குள் என்றார்களாம். மனிதர் 84 துண்டுகள் செய்து பார்த்தார். செய்தது ஆப்பிளின் மேக்கில் என்று பல வருடம் கழித்து பிபிசியில் சொல்லிவிட்டுப் போனார்.

விண்டோஸ் 95-லும் 98-லும் ஒரு வியாதி இருந்தது. உள்ளே ஒரு கடிகாரம், மெஷின் எழுந்ததிலிருந்து மில்லி செகண்டுகளை எண்ணும். எண்ணும் இடம் 32 பிட்தான். 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் ஆனதும் மறுபடி பூஜ்யம். நாட்கணக்கில் 49.7. பூஜ்யம் ஆகும் வேளையில் மெஷின் உறைந்துவிடும். கண்டுபிடித்துத் திருத்தம் கொடுக்க 1999 ஆகிவிட்டது. ஏன் அவ்வளவு தாமதம் என்றால், 50 நாள் விழாமல் ஓடிய விண்டோஸ் 95-ஐப் பார்த்த கண்கள் பூமியில் அநேகமாக இல்லை. மற்ற கோளாறுகளெல்லாம் சேர்ந்து இந்தக் கோளாறைக் கட்டிக் காப்பாற்றியிருக்கின்றன.

1998 ஏப்ரல் 20, சிகாகோவில் காம்டெக்ஸ் கண்காட்சி. மேடையில் பில் கேட்ஸ். பக்கத்தில் உதவியாளர் கிறிஸ் கபோசெலா. வெளிவரப்போகும் விண்டோஸ் 98-ல் எதைச் செருகினாலும் தானாக அடையாளம் கண்டுகொள்ளும் என்று காட்ட, ஒரு ஸ்கேனரைச் செருகினார். சிஸ்டம் படுத்து, பெரிய திரையில் நீலம். கூட்டம் ஆர்ப்பரித்தது. அதனால்தான் இதை இன்னும் விற்பனைக்கு விடவில்லை போல என்று கேட்ஸ் சமாளித்தார். இரண்டு மாதம் கழித்து விற்பனைக்கு விட்டார்கள். கபோசெலாவுக்கு வேலை போகவில்லை. பின்னாளில் கம்பெனியின் மார்க்கெட்டிங் தலைவராகவே ஆனார். நீலத்திரையில் சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் அந்தக் கம்பெனியில் ஏறுமுகம்தான்.

மேக், லினக்ஸ் ஆட்கள் இந்தப் பக்கம் சிரிப்பது கேட்கிறது. 1984-ல் வந்த முதல் மேக், எழ முடியாவிட்டால் கண்ணுக்குப் பதில் எக்ஸ் போட்ட செத்த முகம் ஒன்றைக் காட்டும். அதை வரைந்த சூசன் கேரின் ஓவியங்கள் மியூசியத்துக்கே போய்விட்டன. அழகாகச் செத்துப்போவதும் சாவுதான். 2020 நவம்பரில் பிக் சர் அப்டேட் போட்ட பழைய மேக்புக் ப்ரோக்கள் சில கறுப்புத் திரையோடு நின்றதும் நடந்ததுதான். லினக்ஸின் பழைய பூட் லோடர் லிலோ இன்னும் சிக்கனம்: தன் பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாக அச்சடித்துக்கொண்டே எழும், எல், ஐ என்று இரண்டோடு நின்றால் ஒரு கோளாறு, மூன்றோடு நின்றால் வேறு கோளாறு. நாலு எழுத்துப் படிக்காமல் லினக்ஸ் பக்கம் போகக் கூடாது.

விண்டோஸ் 98-லிருந்து அப்டேட் இணையம் வழியாக வரத் தொடங்கியது. அதுவரை கோளாறு வேண்டுமென்றால் கடைக்குப் போய் சிடி வாங்கி வர வேண்டியிருந்தது. இனி வீடு தேடி வரும்.

2003 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் ஒரு ஓட்டையை அறிவித்து, அடைக்கும் பேட்ச்சையும் வெளியிட்டது. உலகம் வழக்கம்போல் அப்புறம் பார்க்கலாம் என்றது. ஆகஸ்ட் 11-ல் அந்த ஓட்டை வழியாக பிளாஸ்டர் புழு உள்ளே வந்தது. விண்டோஸ் எக்ஸ்பி திரையில் ஒரு சின்னக் கட்டம்: சிஸ்டம் மூடப்படுகிறது, சேமிக்க வேண்டியதைச் சேமித்துக்கொள்ளவும், 60 விநாடி. 59. 58. மூடும், எழும், மறுபடி 60. இதற்கு மருந்து இணையத்தில் இருந்தது. இணையத்தில் சேர்ந்தால் புழு வரும். டயல்-அப் கொர்ரென்று கத்தி இணைவதற்குள் பாதி நேரம் போய்விடும். மீதி நேரத்தில் பேட்ச் இறங்காது. விவரம் தெரிந்தவர்கள் ஸ்டார்ட்-ரன்னில் போய் ‘ஷட்டவுன்’ என்று அடித்து, ஒரு கோடு போட்டு ‘ஏ’ சேர்த்து என்டர் தட்டினார்கள்; எண்ணுவது நின்றது. அதைத் தெரிந்துவைத்திருந்த பையன் அந்த மாதம் தெருவுக்கே டாக்டர்.

அந்தப் புழு ஆகஸ்ட் 16-ல் மைக்ரோசாஃப்டின் அப்டேட் தளத்தையே தாக்கத் திட்டமிட்டிருந்தது. ஆனால் எழுதியவன் உள்ளே வைத்திருந்தது, உண்மையான தளத்துக்குத் திருப்பிவிடும் ஒரு துணைப் பெயரை. மைக்ரோசாஃப்ட் அந்தப் பெயரையே எடுத்துவிட்டது. புழு வந்து பார்த்தபோது வீடு பூட்டியிருக்கவில்லை, வீடே இல்லை.

இதற்கு நடுவில் புண்ணியவான் ஒருவர் கிளம்பினார். யாரென்று தெரியாது. வெல்சியா என்று இன்னொரு புழுவை அவிழ்த்துவிட்டார். அது அதே ஓட்டை வழியாக நுழையும்; பிளாஸ்டரைக் கொல்லும்; மைக்ரோசாஃப்டிடமிருந்தே பேட்ச்சை இறக்கிப் போடும்; ரீஸ்டார்ட் செய்யும்; 2004 பிறந்ததும் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். கேட்கும்போதே கண் கலங்குகிறது அல்லவா? அடுத்த ஓட்டை எங்கே என்று அது தேடித்தேடி நெட்வொர்க்குகளை அடைத்துவிட்டது. ஏர் கனடாவின் செக்-இன் தடுமாறியது, அமெரிக்கக் கடற்படையின் நெட்வொர்க் திணறியது. கேட்காமல் உபகாரம் செய்பவர்களைப் பற்றி நம் பாட்டிகள் சொல்லியிருப்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இந்தக் களேபரத்துக்குப் பிறகு, 2003 அக்டோபரிலிருந்து, பேட்ச்சுகளை நினைத்த நேரத்தில் விடாமல் ஒரு நாள் குறித்து விடுவது என்று மைக்ரோசாஃப்ட் முடிவு செய்தது. எந்த நாள்? மாதத்தின் இரண்டாவது செவ்வாய். நம்மூரில் ஒருவரைக் கேட்டிருந்தால்கூட ‘செவ்வாயோ வெறுவாயோ’ என்று தடுத்திருப்பார். நல்லவேளை, அங்கே காலை பத்து மணிக்கு விடுவது இங்கே ராத்திரி பத்தரை, பதினொன்றரை. நம் சிஸ்டம் அதை வாங்கிப் போட்டுக்கொண்டு விழுவது பெரும்பாலும் புதன்கிழமை. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது.

புதன்கிழமை காலை சிபியூவைத் தூக்கிக்கொண்டு தெருமுனை சர்வீஸ் கடைக்குப் போனவர்களையும் இந்த வரலாற்றில் சேர்த்தாக வேண்டும். எக்ஸ்பி காலத்தில் அங்கே நடக்கும் விசாரணை ஊருக்கு ஊர் மாறாது.

“என்ன சார் பண்ணீங்க?”

“நான் ஒண்ணும் பண்ணலை தம்பி. அதுவா ஏதோ கேட்டுச்சு. ஓகே கொடுத்தேன்.”

“ஓகே கொடுத்தீங்களா?” பையன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பான். “ஓஎஸ் போயிருச்சு சார். ஃபார்மட் அடிக்கணும்.”

“வேற வழி இல்லையா?”

“டேட்டா எல்லாம் டி டிரைவ்லதானே வச்சிருக்கீங்க?”

கேட்கப்பட்டவருக்கு டி டிரைவ் என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் தெரியவரும். மகள் கல்யாண அழைப்பிதழ் விலாசங்கள் முதல் வருமான வரிக் கணக்கு வரை எல்லாம் டெஸ்க்டாப்பில். பையன் ஒரு வெள்ளை சிடியை எடுப்பான். அதன்மேல் மார்க்கர் பேனாவில் எக்ஸ்பி என்று எழுதியிருக்கும். மாலையில் சிஸ்டத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது உபதேசம்: “அப்டேட்டை ஆஃப் பண்ணி வச்சிருக்கேன் சார். தயவுசெஞ்சு ஆன் பண்ணிராதீங்க.” அந்த உபதேசத்தின் அருமை 2008-ல் தெரிந்தது. மார்க்கர் பேனா எக்ஸ்பிகளைக் கண்டுபிடிக்கும் அப்டேட் ஒன்று வந்து, மணிக்கொரு தரம் வால்பேப்பரைக் கறுப்பாக்கியது. முருகன் படம் வைத்திருந்தாலும் கறுப்புதான்.

2010-ஐத் தனியாக ஒரு பெரிய அத்தியாயமாக எழுத வேண்டும். பிப்ரவரி 9-ல் வந்த விண்டோஸ் பேட்ச் ஒன்றைப் போட்டதும் ஏராளமான எக்ஸ்பிகள் நீலமடித்து நின்றன. எல்லோரும் மைக்ரோசாஃப்டைத் திட்டினார்கள். விசாரித்தால் அவை ஏற்கெனவே நோயாளிகள். அல்யூரியன் என்ற ரூட்கிட் உள்ளே சத்தமில்லாமல் குடியிருந்தது. விண்டோஸின் உட்கருவில் இன்ன வேலைக்கு இன்ன முகவரி என்று அது மனப்பாடம் செய்து வைத்திருந்தது. பேட்ச் வந்து முகவரியை மாற்றிவிட்டது. ரூட்கிட் பழைய கதவைத் தட்ட, கூரையே இறங்கியது.

அடுத்து நடந்ததுதான் அழகு. தங்கள் பிழைப்பே போய்விடும் என்று பதறிய ரூட்கிட்காரர்கள், சில நாட்களுக்குள் புதிய பேட்ச்சோடு ஒத்துப்போகும்படி திருத்திய பதிப்பை வெளியிட்டுவிட்டார்கள். மன்னிப்புக் கடிதம் இல்லை, ஹெல்ப்லைனில் காத்திருக்கவைக்கும் வயலின் இசை இல்லை. வாடிக்கையாளரின் சிஸ்டம் தடங்கல் இல்லாமல் எழ வேண்டும் என்பதில் உண்மையான அக்கறை காட்டிய மென்பொருள் நிறுவனம் எது என்று இந்த வரலாற்றில் தேடினால், எனக்குக் கிடைத்தது திருடர்கள் மட்டும்தான். மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதம் அந்த பேட்ச்சைத் திரும்ப விட்டபோது, உள்ளே ரூட்கிட் இருந்தால் ஏறாதபடி செய்திருந்தது.

அதே ஆண்டு ஏப்ரல் 21. இந்த முறை வைத்தியர்களின் வேலை. மெக்காஃபி வைரஸ் தடுப்பு மென்பொருள் தன் அன்றாட அப்டேட்டில் 5958 என்ற எண்ணுள்ள ஃபைலை அனுப்பியது. அது எக்ஸ்பியின் சொந்த உறுப்பான எஸ்விசிஹோஸ்ட்டைப் பார்த்து, இதோ வைரஸ் என்று பிடித்து உள்ளே போட்டது. அந்த உறுப்பு இல்லாமல் நெட்வொர்க் இல்லை. மெஷின் ரீஸ்டார்ட் ஆகும், மறுபடி ஆகும், ஆகிக்கொண்டே இருக்கும். நெட்வொர்க் இல்லாததால் மருந்தை இணையத்தில் அனுப்பவும் வழியில்லை. ஆட்கள் பென் டிரைவோடு மேசை மேசையாக நடந்தார்கள். இந்தக் கூத்துக்கு நாலு மாதம் கழித்து, அந்தக் கம்பெனியை 768 கோடி டாலருக்கு வாங்குகிறேன் என்று இன்டெல் அறிவித்தது. அப்போது மெக்காஃபியின் தொழில்நுட்பத் தலைவராக இருந்தவர் ஜார்ஜ் கர்ட்ஸ். பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் விஸ்டாவைப் பற்றிச் செத்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பதால் ஒன்று மட்டும்: 2008 பிப்ரவரியில், முதல் சர்வீஸ் பேக்குக்கு முன்னோட்டமாக வந்த அப்டேட் சில மெஷின்களில் மூன்றில் மூன்றாம் கட்டம், பூஜ்யம் சதவீதம் என்ற நிலையில் நின்று சுற்றிக்கொண்டே இருந்தது. விண்டோஸ் 8 எதிர்த் திசையில் போனது. எழும்போது எஃப்8 தட்டினால் சேஃப் மோடு என்பது இரண்டு தலைமுறை கற்ற பாடம். விண்டோஸ் 8 எழும் வேகத்தில், அதைத் தட்டக் கிடைக்கும் நேரம் 200 மில்லி செகண்டுக்கும் குறைவு என்று மைக்ரோசாஃப்டே பெருமையாக எழுதியது. அதற்குப் பதில் வழி சொன்னார்கள்: உள்ளே போய், ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். உள்ளே போக முடிந்தவனுக்கு சேஃப் மோடு எதற்கு? முடியாதவனுக்கு, இரண்டு மூன்று முறை விழுந்தால் தானாகவே பழுதுபார்க்கும் திரை வரும். விழுந்தால்தான் கைகொடுப்போம் என்கிற கொள்கை.

விண்டோஸ் 10 கேட்டுக்கொண்டு வரவில்லை. 2016-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டிவி ஒன்றில் வானிலை அறிவிப்பாளர் நேரலையில் மழையைக் காட்டிக்கொண்டிருக்க, மேப்புக்கு மேலே ‘விண்டோஸ் 10-க்கு மாறுங்கள்’ என்ற கட்டம் எழுந்தது. அதே ஆண்டு மே மாதம், அந்தக் கட்டத்தின் மூலையில் இருக்கும் சிவப்பு எக்ஸை அழுத்தினால் சம்மதம் என்று பொருள் என்றார்கள். மௌனம் சம்மதம் என்பது நமக்குத் தெரியும். கதவைச் சாத்துவதும் சம்மதம் என்பது புதுசு. 2018 அக்டோபர் அப்டேட் சிலருடைய டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரையே நகல் என்று நினைத்துத் துடைத்துவிட்டது. சில நாளில் நிறுத்திவைத்தார்கள்.

கடைசியாக, 2024 ஜூலை 19. ஆடி மாதம் முதல் வெள்ளி. ஜார்ஜ் கர்ட்ஸ் 2011-ல் கூட்டாளிகளோடு சேர்ந்து தொடங்கி இப்போதும் தலைமை தாங்கும் கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் கம்பெனி, நம் நேரப்படி காலை 9.39-க்கு ஒரு சின்ன அப்டேட் அனுப்பியது. 10.57-க்கு வாபஸ் வாங்கிவிட்டது. பஞ்சாங்கம் பார்ப்பவர்களுக்கு ஒரு தகவல்: வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு. நோயை நல்ல நேரத்தில் அனுப்பிவிட்டு, மருந்தை ராகு காலத்தில் அனுப்பியிருக்கிறார்கள். அந்த 78 நிமிடத்தில் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் படுத்துவிட்டன என்பது மைக்ரோசாஃப்டின் கணக்கு.

காரணம் சிரிப்பு வராத அளவுக்குச் சின்னது. புதிதாக வந்த விதி 21 விவரங்களைப் பார்க்கச் சொன்னது. அதை ஓட்டும் நிரலின் கையில் இருந்தது 20. முன்பு வந்த விதிகளில் அந்த 21-வது இடத்தில் ‘எதுவாக இருந்தாலும் சரி’ என்று போட்டிருந்ததால், யாரும் அதை எட்டிப் பார்க்கவில்லை. அன்று பார்க்கச் சொன்னார்கள். பார்த்தது. அங்கே ஒன்றும் இல்லை. இந்தக் காவலாளி விண்டோஸின் உட்கருவிலேயே, எழும்போது முதல் ஆட்களில் ஒருவனாக உட்கார்ந்திருப்பவன் என்பதால், அவன் விழுந்தால் வீடும் விழும். மறுபடி எழுந்தால் முதல் ஆளாக மறுபடி விழுவான்.

விமான நிலையங்கள், மருத்துவமனைகள், வங்கிகள் எல்லாம் நீலம். இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். கையெழுத்து நன்றாகவே இருந்தது. அமெரிக்காவில் டெல்டா விமானக் கம்பெனி சில நாட்களில் சுமார் 7,000 விமானங்களை ரத்து செய்துவிட்டு வக்கீலைத் தேடியது. இன்னொரு விமானக் கம்பெனி தப்பித்ததற்குக் காரணம் அது இன்னும் விண்டோஸ் 3.1-ல் ஓடுவதுதான் என்று ஒரு வதந்தி பறந்தது. பொய்தான். ஆனாலும் நம்பியவர்கள் முகத்தில் தெரிந்த நிம்மதி உண்மை.

மருந்து என்ன? சேஃப் மோடில் எழுப்பு. விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ் என்று ஃபோல்டர் ஃபோல்டராக இறங்கு. 291-ல் முடியும் எண்ணோடு தொடங்கும் ஃபைலை அழி. ரீஸ்டார்ட். அவ்வளவுதான், அரை நிமிட வேலை. ஆனால் எழாத மெஷினைத் தூரத்திலிருந்து தொட முடியாது. ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு ஆள் நேரில் போக வேண்டும். பத்தடி உயரத்தில் தொங்கும் விமான நேர அறிவிப்புத் திரைக்கு ஏணியோடு போக வேண்டும். போனால் பிட்லாக்கர் வழிமறித்து 48 இலக்கச் சாவியைக் கேட்கும். திருடனிடமிருந்து காப்பாற்றப் போட்ட பூட்டு. சாவிகளை வைத்திருந்த சர்வரும் நீலமாகக் கிடந்த இடங்கள் உண்டு. ஒருவர் போனில் ஆறு ஆறு இலக்கமாக வாசிக்க, இன்னொருவர் தட்ட, ஒரு இலக்கம் பிசகினாலும் பூட்டு திறக்காது.

கிளவுடில் ஓடும் மெஷின்களுக்கு மைக்ரோசாஃப்ட் தந்த யோசனைதான் எனக்குப் பிடித்தது. ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். எழவில்லையா, மறுபடி செய்யுங்கள். 15 தடவை வரை செய்து வெற்றி கண்டவர்கள் இருக்கிறார்கள். உலகின் மிகப் பெரிய மென்பொருள் கம்பெனி எழுத்துபூர்வமாகச் சொன்ன யோசனை இது. தெருமுனைப் பையனாக இருந்தால் மூன்றாவது தடவையிலேயே ஃபார்மட் அடித்திருப்பான்.

அடுத்த மாதம் லாஸ் வேகாஸில் டெஃப்கான் ஹேக்கர் மாநாடு. அங்கே ஆண்டுதோறும் மகா சொதப்பலுக்கென்று ஒரு விருது உண்டு. பெரும்பாலும் வாங்க யாரும் வரமாட்டார்கள். கிரவுட்ஸ்டிரைக்கின் பிரசிடென்ட் மைக்கேல் சென்டோனாஸ் மேடையேறி வாங்கிக்கொண்டார். தலைமை அலுவலகத்துக்கு எடுத்துப்போய், வேலைக்கு வரும் எல்லோர் கண்ணிலும் படும்படி வைப்பேன் என்றார். கைதட்டல் பலமாக இருந்தது. இது பெருந்தன்மைதான், மறுக்கவில்லை.

அதற்கு முன்பே, சம்பவம் நடந்த ஒரு வாரத்துக்குள், ராப்பகலாகக் கூட நின்று உதவிய பார்ட்னர்களுக்கு நன்றி சொல்லி கம்பெனி ஒரு அன்பளிப்பு அனுப்பியிருந்தது: ஊபர் ஈட்ஸில் காபி வாங்கிக்கொள்ள 10 டாலர் கூப்பன். ஒரே நேரத்தில் ஏகப்பட்ட பேர் அதைப் போட்டதும், இதில் ஏதோ மோசடி இருக்கிறது என்று ஊபர் கூப்பனைத் தடுத்துவிட்டது. சந்தேகப்பட்டதைச் சரியான நேரத்தில் தடுத்து, யாருடைய மெஷினையும் சாய்க்காமல், அந்த வாரம் ஒழுங்காக வேலை செய்த பாதுகாப்பு ஏற்பாடு அது ஒன்றுதான்.